கரும்பாயி கோயில் தராசு

தபாலாபீஸ் கவுண்ட்டரில் முத்திரை குத்துகிற தாரணி கரும்பாயி கோயில் தராசில் ஏறி உட்கார்ந்ததும், எதிர்த்தட்டில் ஊரையே தூக்கி வைத்துப் பார்த்தும் அவள் தட்டு மூன்று நாளாகத் தரையை விட்டு எழும்பாததும் அத்திவலசில் எல்லோரும் கண்ணால் பார்த்த சங்கதி. இன்றைக்குக் கேட்டாலும், அந்த வாரம் கோபி பஸ் ரெண்டு நாள் வரவில்லை என்பதையும் இதையும் ஒரே மூச்சில் ஒரே குரலில்தான் சொல்வார்கள். ஏன் எழும்பவில்லை என்று கேட்பதெல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அன்றைக்கு இருந்த கவலையே வேறு. தராசுக்கு மேலே பந்தல் போடுவதா தார்ப்பாய் கட்டுவதா, வெல்லத்தை எறும்பு மொய்க்காமல் எப்படிக் காப்பது, தபாலாபீஸை யார் திறப்பது என்பதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

அத்திவலசைச் சுற்றிலும் கரும்புக்காடு, காட்டுக்கு நடுவே அங்கங்கே வெல்ல ஆலை, ஊரம்மனுக்குப் பெயரே கரும்பாயி. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் மணப்பெண்ணைக் கோயில் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தில் ஒரு முரட்டு விதி உண்டு. நேர்ந்துகொள்ளும்போதே, கற்பூரம் எரியும்போதே, பெண்ணின் எடை இன்னது என்று பெற்றவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏறி உட்கார்ந்த பெண் தட்டு சமமாகிற வரைக்கும் இறங்கக் கூடாது, இறங்கினால் அந்தக் குடும்பம் பன்னிரண்டு வருஷம் கோயில் படி மிதிக்கக் கூடாது. இதனால் யாருக்கும் அதுவரை சங்கடம் வந்ததில்லை. ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருந்தால் பூசாரி பழனியப்பன் ரெண்டு தேங்காயை எடுத்து எந்தப் பக்கமாவது வைத்துச் சரிக்கட்டிவிடுவார்.

தாரணியின் அம்மா நாச்சம்மா ஜாக்கெட் தைக்கிறவள். புருஷன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. ஒற்றைத் தையல் மிஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்து அரசாங்க நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் நாச்சம்மாவிடமே விழுந்தடித்துக்கொண்டு வந்ததற்குத் தையல் சுத்தம் மட்டும் காரணமில்லை. அவள் டேப்பைச் சுற்றினால் டேப் நாற்பது காட்டும், அவள் வாய் "முப்பத்தாறு" என்று கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சொல்லும், பென்சில் நோட்டில் நாற்பது என்று எழுதும், கத்திரி நாற்பதுக்கு வெட்டும், ஜாக்கெட் அம்சமாக உட்காரும், போட்டுக்கொண்டவள் "பாருங்க, கல்யாணத்தப்ப இருந்த அதே அளவு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள். இருபது வருஷமாக அத்திவலசில் ஒரு பெண்கூடப் பருக்கவில்லை. இதைப் பொய் என்று நாச்சம்மா நினைத்ததே கிடையாது, கத்தரிக்காயோடு போடுகிற கொத்தமல்லித்தழை மாதிரி ஒரு கொசுறு என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தக் கொசுறு வாய்தான் வினையாகிப் போனது. தாரணிக்கு இருபத்தெட்டு முடிகிறது என்று ஜாதகக் குறிப்பு அச்சடித்தபோது, எடை என்று இருந்த இடத்தில் நாச்சம்மா கை கூசாமல் அறுபத்திரண்டு என்று எழுதினாள். உண்மையில் தாரணி அப்போது எண்பத்தாறு கிலோ. ஐப்பசியில் திருப்பூரிலிருந்து வசந்தாமணி அம்மாள் தன் மகன் நவநீதனைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தாள். காபித் தட்டோடு நின்ற தாரணியைத் தலையிலிருந்து கால் வரைக்கும், மறுபடி காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அறுபத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க. பாத்தா அப்படித் தெரியலீங்களே?"

தாரணிக்குக் காது மடல் ரெண்டும் பற்றிக்கொண்டு எரிந்தது. தட்டைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பையனுக்குப் புடிச்சிருக்குதுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, நாலு பேர் ஃபோட்டோ பாப்பாங்கல்ல. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள் வசந்தாமணி.

நாச்சம்மாவுக்கு ரோஷம் வந்தால் முன்பின் தெரியாது. பெண் பார்க்க வந்த ஒறம்பரை ஜனம் அத்தனை பேரையும் அப்படியே கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள், கற்பூரத்தை ஏற்றினாள், பூசாரி வாயைத் திறப்பதற்கு முன்னால் தன் வாயைத் திறந்தாள். "ஆத்தா கரும்பாயி, என்ற மகள் எடை அறுபத்திரண்டு கிலோ! தை மொத வெள்ளிக்கெழம உன்ற தராசுல உக்கார வெக்கறேன், எடைக்கு எட வெல்லம் தர்றேன். பாக்கறவங்க வந்து பாத்துக்கட்டும்!" சொல்லிவிட்டு வசந்தாமணியை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது தாரணி அழுகிற குரலில் கேட்டாள். "அம்மா, என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? இருபத்தி நாலு கிலோம்மா."

"மூணு மாசம் முழுசா கெடக்குது கண்ணு. அந்த லேடீஸ் ஜிம்முல சேந்துரு. மிச்சத்த ஆத்தா பாத்துக்குவா."

லேடீஸ் ஜிம் என்பது உரக்கடைக்கு மாடியில் இருந்தது. காலையில் கோலம் போட்டு, பால் வாங்கி வைத்து, அஞ்சரை மணிக்கு இருபது பெண்கள் படியேறி வந்து யூரியா வாசனையில் மூச்சு வாங்குவார்கள். சுடிதார் துப்பட்டாவை ஊக்குக் குத்திக்கொண்டு சிலர், நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு சிலர். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் யாரும் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத் தூக்கித் தொங்குசதையைப் பார்ப்பாள் ஒருத்தி, பக்கவாட்டில் திரும்பி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பார்ப்பாள் இன்னொருத்தி, பார்த்துவிட்டு ஏதோ கடன்காரனைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதிர்ச் சுவரில் வயிறே இல்லாத ஒரு வெள்ளைக்காரியின் படம் ஒட்டியிருந்தது. நெற்றி வெறுமையாக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று அங்கே வருகிற சுலோச்சனா டீச்சர் அவளுக்கு ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிட்டாள்.

எடை பார்க்கிற மிஷின் மூலையில் திரை கட்டி ஓட்டுச்சாவடி மாதிரி மறைவாக இருந்தது. திங்கட்கிழமை எடை பார்க்கிற நாள். வளையலைக் கழற்றி, கொலுசைக் கழற்றி, கொண்டை ஊசியைக்கூட எடுத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக ஏறுவாள், இறங்கி வந்து ஜிம் நடத்துகிற ஜெசிந்தா மாஸ்டரின் காதுக்குள் அந்த எண்ணை ஊதுவாள். மாஸ்டர் அதைச் செய்தித்தாள் அட்டை போட்ட நோட்டில் எழுதி நோட்டைக் கவிழ்த்து வைப்பாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்ததைச் சொல்வார்கள், மாமியார் திருடித் தின்றதைச் சொல்வார்கள், கர்ப்பப்பை எடுத்ததைக்கூடத் துணி மாற்றிக்கொண்டே சத்தமாகச் சொல்வார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

தாரணி காலையில் கொள்ளு ரசம் குடித்தாள், மத்தியானம் வெள்ளரிக்காய் தின்றாள், பொழுது சாய்ந்தால் ஓட்ஸ் கஞ்சி, அதற்குமேல் பச்சைத்தண்ணீர். ஓடுகிற மிஷினில் முக்கால் மணி நேரம் ஓடினாள். மூன்று திங்கட்கிழமை போயிற்று. எண்பத்தாறு, எண்பத்தாறு, எண்பத்தைந்தே முக்கால். மூன்றாவது திங்கட்கிழமை திரைக்குப் பின்னாலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சத்தம் வராமல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஜெசிந்தா மாஸ்டர் நாகர்கோயில் பக்கத்துக்காரி, ஒரு காலத்தில் மாநில அளவில் எடை தூக்கியவள், எல்லோரையும் மக்ளே என்றுதான் கூப்பிடுவாள். திரையை விலக்கிப் பார்த்தாள், ஆறுதலெல்லாம் சொல்லவில்லை.

"எந்திரி மக்ளே. அந்த இரும்புக் கம்பிய இப்படித் தரையில இருந்து எடு."

"எனக்கு எளைக்கணும் மாஸ்டர்."

"எளைக்கது பொறவு. மொதல்ல எடு."

வெறும் கம்பியே இருபது கிலோ. தாரணி குனிந்து பிடித்து, மாஸ்டர் சொன்னபடி முதுகை நேராக்கி, குதிகாலை ஊன்றி எழுந்தாள். கம்பி அவளோடு சேர்ந்து எழுந்தது. ரெண்டு பக்கமும் பத்துப் பத்தாகத் தட்டு கோத்தார்கள், எழுந்தது. அடுத்த வாரம் அறுபது, அதற்கடுத்த வாரம் எழுபத்தைந்து. வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்ன தொடையும் இடுப்பும் பின்பக்கமும் ஒன்றுகூடி வேலை செய்வதை அவள் உடம்புக்குள்ளேயே உணர்ந்தாள், இத்தனை வருஷமாக இவற்றையா மடித்துச் சுருட்டி மறைத்துக்கொண்டு நடந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மார்கழி கடைசியில் ஒரு நாள் நூறு கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றபோது இருபது பெண்களும் அவரவர் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள், சுலோச்சனா டீச்சர் ரெண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள், கீழே உரக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிப்படியில் பாதி ஏறி வந்துவிட்டார். அன்றைக்கு மிஷின் எண்பத்து நான்கு காட்டியது. தாரணிக்கு அந்த எண்ணைப் பார்த்து முதல் தடவையாக வெட்கம் வரவில்லை. ஆனால் வீட்டில் நாச்சம்மா காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள், அவளிடம் எண்ணை மட்டும் சொன்னாள், வெட்கம் போய்விட்டது என்பதை எப்படிச் சொல்வது?

தை முதல் வெள்ளிக்கிழமை வந்தது. திருப்பூரிலிருந்து ரெண்டு கார் வந்தது. நீலப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தாரணி தராசின் பித்தளைத் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் தட்டு நங்கென்று தரையில் உட்கார்ந்தது. எதிர்த்தட்டில் முப்பது கிலோ வெல்லச் சிப்பம் ரெண்டு வைத்து, மேலே ரெண்டு கிலோ உருண்டை வெல்லம் வைத்தார்கள். அது அசையாமல் உயரத்திலேயே தொங்கியது. நாச்சம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகூப்பி நின்றாள்.

"இன்னொரு சிப்பம் வெச்சுப் பாருங்க" என்றாள் வசந்தாமணி, உதட்டோரம் ஒரு சிரிப்போடு.

மூன்றாவது சிப்பம் வைத்தார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. தட்டு அசையவில்லை. நான்காவது, ஐந்தாவது, பத்தாவது. வசந்தாமணியின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. சுமைதூக்குகிறவர்கள் எட்டுப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டு எதிர்த்தட்டில் தொற்றி ஏறி உட்கார்ந்தார்கள், எட்டுப் பேரும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தரத்தில் ஆடினார்கள், ஒருத்தன் மட்டும் எனக்குத் தலை சுத்துது இறக்கி விடுங்க என்றான். ஜெசிந்தா மாஸ்டர் ஜிம்மிலிருந்த இரும்பையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்து அடுக்கினாள். அதற்கும் மசியவில்லை.

சரி, ஆத்தா ஏதோ நினைத்திருக்கிறாள் என்று ஊர் பந்தல் போடக் கிளம்பிவிட்டது. சங்கதி கேள்விப்பட்டு எடை முத்திரை ஆய்வாளர் ஜீப்பில் வந்தார், கன்றுக்குட்டியை வைத்துப் பார்த்தார், தன்னையே வைத்துப் பார்த்தார், தராசு கிராம் பிசகாமல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து மோர் குடித்துவிட்டுப் போனார். தாரணி ஒதுங்கப் போக வேண்டும் என்றபோது விதிக்குப் பங்கம் வராமல் என்ன செய்வது என்று பூசாரி யோசித்து, வியர்வை துடைக்க அவள் தோளில் போட்டிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் போய் வருகிற வரைக்கும் அந்த ஈரிழைத் துண்டே தட்டைத் தரையில் அழுத்திக்கொண்டு கிடந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் துண்டுதானே என்றார்கள். சனிக்கிழமை காலையில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் தபாலாபீஸ் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்தார்கள். தாரணி தட்டில் இருந்தபடியே கைரேகை வாங்கினாள், முத்திரை குத்தினாள், ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்தாள். டீக்கடை தராசுக்குப் பக்கத்திலேயே இடம் மாறியது. பந்தலுக்குள் வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்தார்கள், கண்ணை இறக்காமல் அவளும் பார்த்தாள். இந்தப் புள்ள இத்தனை அழகாவா இருந்தா என்று கிழவர் ஒருத்தர் கேட்டார். அவரை அவர் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் பூசாரி பழனியப்பனுக்கு அந்த யோசனை வந்தது.

"சொன்ன எடை அறுபத்திரண்டு. ஆத்தா அந்த எடைக்காவக் காத்துட்டிருக்குறா. நாம பாட்டுக்கு எதுத்தாப்புல ஏத்திட்டிருந்தா அவளுக்குக் கோவம் வராதுங்களா? எல்லாத்தையும் எறக்குங்க. அறுபத்திரண்டு மட்டும் இருக்கட்டும். புள்ள எடை எறங்கி அறுபத்திரண்டுக்கு வந்தா தட்டு தானா எந்திரிக்கும்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று ஊர் ஒத்துக்கொண்டது. வசந்தாமணியும் ஆமாங்க, அதானுங்களே என்றாள். சிப்பங்களை இறக்கினார்கள். தாரணிக்கு இனிமேல் சோறு கிடையாது, வெந்நீரும் எலுமிச்சம்பழமும் மட்டும் என்று முடிவானது. ஜிம் பெண்களில் ரெண்டு பேர் கொள்ளு ரசம் கொண்டு வந்தார்கள், ஒருத்தி வெந்தயத்தை ஊற வைத்துக் கொண்டு வந்தாள், ஒருத்தி இஞ்சிச்சாறு. எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஜெசிந்தா மாஸ்டர் மட்டும் "உங்களுக்கெல்லாம் புத்தி மழுங்கிப் போச்சா?" என்று கத்தினாள். ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதுங்க மாஸ்டர் என்று அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

தாரணிக்குத் தெரியும், என்ன தப்பு என்று முதல் சிப்பத்திலேயே தெரியும். எண்பத்து நான்கு என்று அவள் தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், தட்டு கேட்கவில்லை. சொன்னவள் வாயால்தான் திருத்த வேண்டும். அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிடும்மா என்று சொல்ல எத்தனை நேரமாகும்? ஆனால் சொன்னால் அம்மா சம்பந்தி வீட்டார் முன்னால் பொய்க்காரி ஆவாள், அது போதாதென்று நாச்சம்மா வாயில் வந்த எண் ஒன்று பொய் என்றால் இருபது வருஷத்து எண் அத்தனையும் பொய் என்று ஊருக்கு விளங்கிவிடும், ஒரு ஜாக்கெட்கூடத் தைக்க வராது. அந்தத் தையல் மிஷினை மிதித்து மிதித்து வீங்கிப் போன அம்மாவின் காலைத் தாரணி தூணுக்குப் பக்கத்தில் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். நானே அறுபத்திரண்டுக்கு இளைத்துவிடுகிறேன், இருபத்திரண்டு கிலோதானே என்று முடிவு செய்துகொண்டாள். வெந்நீரையும் வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. தாரணி தட்டின் சங்கிலியில் தலையைச் சாய்த்திருந்தாள், உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது, பட்டுச் சேலை கசங்கிப் போயிருந்தது. நூறு கிலோவைத் தரையிலிருந்து எடுத்த கை மடியில் கிடந்தது. நாச்சம்மா தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

"அக்கா, வேண்டாங்க்கா. ஒரு வாய் தின்னாலும் ஏறிக்கும்" என்று நாலு பேர் மறித்தார்கள்.

தாரணி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "எடுத்துட்டுப் போம்மா. பசியே இல்ல. இன்னும் கொஞ்சந்தான், ஒரு இருபது கிலோதான்."

நாச்சம்மாவுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. தூக்குப்போசியைத் தரையில் வைத்தாள். திரும்பி அம்மனைப் பார்த்து நின்றாள். அவள் குரல் முதலில் கரகரத்துத்தான் வந்தது, போகப் போகப் பந்தலுக்கு வெளியே டீக்கடைக்கு, டீக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குக் கேட்டது.

"ஆத்தா, நான் சொன்னது பொய்! இவ பொறந்தப்பவே நாலே கால் கிலோ. நர்ஸம்மா ஆஸ்பத்திரி பூராத் தூக்கிட்டுப் போயி காட்டுனா, என்ற வீட்டுக்காரர் அன்னைக்குப் பூரா தரையில கால் பாவாம நடந்தாரு. நடந்து பழகறப்ப இவ விழுந்தா வீடே அதிரும், நான் சிரிச்சுட்டுக் கெடப்பேன். ஒவ்வொரு கிலோவும் நான் மிஷின் மிதிச்சு ஏத்துனது ஆத்தா. ராகி களி கிண்டி ஏத்துனது, அரிசிம்பருப்பு ஆக்கி ஏத்துனது. அவங்கப்பன் செத்தப்ப என்னைய அலாக்காத் தூக்கிட்டுப் போயி ஊட்டுக்குள்ள படுக்க வெச்சாளே, பதினெட்டு வயசுல, அதும் இந்த ஒடம்புதான். அதுல இருபத்திரண்டு கிலோவ எவளோ மொகத்தச் சுளிச்சாங்கறதுக்காவ இல்லீன்னு சொன்னனே, எந்தக் கைய இல்லீன்னு சொன்னேன், எந்தக் கால இல்லீன்னு சொன்னேன்? என்ற மகள் எண்பத்தி நாலு கிலோ! கேட்டுக்க ஆத்தா, ஊரும் கேட்டுக்கட்டும். எண்பத்தி நாலு!"

தட்டு கொஞ்சமாக ஆடியது, அவ்வளவுதான். நாச்சம்மா இடுப்பில் செருகியிருந்த கத்திரியை எடுத்து ஒரு சிப்பத்தின் சாக்கைக் கிழித்தாள், வெல்லத்தை ரெண்டு கையாலும் அள்ளி எதிர்த்தட்டில் வைத்தாள். ஜெசிந்தா மாஸ்டர் ஓடி வந்து அள்ளினாள், சுலோச்சனா டீச்சர் அள்ளினாள், ஜிம் பெண்கள் வரிசை கட்டிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள், பத்து கிலோ, பதினைந்து, இருபது, தட்டு இறங்கியது, தாரணியின் தட்டு தரையை விட்டுப் பிரிந்து எழுந்தது. இருபத்திரண்டாவது கிலோவின் கடைசி உருண்டையை நாச்சம்மா வைத்ததும் ரெண்டு தட்டும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. பூசாரியின் தேங்காய்க்கு வேலை இருக்கவில்லை. ஜிம் பெண்கள் ஓவென்று கத்தினார்கள், டீச்சர் இங்கேயும் விசிலடித்தாள்.

விசிலடித்து முடித்துத்தான் அவளுக்கு உறைத்தது. "நாச்சம்மாக்கா, அப்ப என்ற முப்பத்தாறு?"

நாச்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பத்தி ரெண்டுங்க டீச்சர்."

டீச்சர் தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்தாள். "நெனச்சேன்" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், எனக்கு எவ்வளவுங்க்கா, எனக்கு எவ்வளவுங்க்கா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், நாச்சம்மா நோட்டைப் பார்க்காமலே ஒவ்வொருத்திக்கும் சொன்னாள். தன் எண்ணைக் கேட்டவள் எவளும் சாகவில்லை.

தாரணி தட்டில் இருந்தபடியே தூக்குப்போசியை வாங்கிச் சாப்பிட்டாள். நெய் விரலில் வழிந்தது. மூன்று நாளாக டீக்கடை ஓரமாக நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்த நவநீதன் அப்போதுதான் கிட்டே வந்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எண்பத்தி நாலா இருந்தாலும் எனக்குச் சம்மதம்ங்க" என்றான், பெருந்தன்மையாக.

தாரணி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "உங்க சம்மதத்த நான் கேக்கலீங்களே. என்ற சம்மதத்தத்தான் யாரும் இன்னும் கேக்கல. மொதல்ல நான் தின்னு முடிக்கறேன், பொறவு யோசிக்கறேன், பொறவு சொல்றேன்." மறுபடியும் சாதத்தில் கை வைத்தாள். நவநீதன் சரிங்க என்று சொல்லிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

நாச்சம்மாவுக்குத் தலை நிமிர்ந்துபோனது. அவள் வசந்தாமணியை நேருக்கு நேராகப் பார்த்தாள், என்ன வருகிறதோ வரட்டும் என்று. வசந்தாமணி வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு தடவை சொன்ன சொல்லுக்காக முப்பது வருஷமாக அவள் இனிப்பைத் தொட்டதில்லை, அது அவளுக்கு மட்டும் தெரிந்த கதை. கார்க்காரர்கள் கிளம்பலாமா என்று கேட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசுக்கு வந்தாள்.

"சாப்பிட்டியா கண்ணு? செத்த எறங்கு. நான் ஒரு தடவ உக்காந்து பாக்கறேன்."

தாரணி கையைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். எதிர்த்தட்டு வெல்லத்தைப் பூசாரி இறக்கி அம்மன் காலடியில் கொட்டினார். வசந்தாமணி பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், தட்டு தரையில் அமர்ந்தது. அவள் தாரணியின் காதைத் தன் பக்கம் இழுத்து அதற்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"எனக்குச் சொல்லி என்னங்க ஆகறது? ஆத்தாளுக்குச் சொல்லுங்க" என்றாள் தாரணி.

வசந்தாமணி மகனைப் பார்த்தாள், ரெண்டு கார் ஜனத்தைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "தொண்ணூறு!" என்றாள். அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "தொண்ணூறுங்க! தொண்ணூறு!"

சுமைதூக்குகிறவர்கள் முன்னால் வந்தார்கள். தாரணி கையைக் காட்டி நிறுத்தினாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், குதிகாலை ஊன்றினாள், முப்பது கிலோச் சிப்பத்தைத் தானே எடுத்து எதிர்த்தட்டில் வைத்தாள், ரெண்டாவதை எடுத்தாள், ரெண்டு இளவட்டங்கள் சேர்ந்து தூக்கப் பார்த்த மூன்றாவதையும் அவர்கள் கையிலிருந்து வாங்கி வைத்தாள். தரையிலிருந்து வசந்தாமணியின் தட்டு ஒரு சாண் எழும்பியது, ஒரு முழம் எழும்பியது, பயந்துபோய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கீழே தரை இருந்தது, அவள் மேலே இருந்தாள்.

"அடியாத்தீ" என்றாள் வசந்தாமணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தப் புள்ள என்னையவே தூக்கிப்போட்டாளே!"